நடந்தே போகிறவள்

எனக்குச் சீட்டாடக்கூடப் பொறுமை கிடையாது, மேடம். அந்த வீடியோ விளையாட்டை வாங்கிக் கொடுத்தது மட்டும்தான் நான். ஆடியதெல்லாம் என் தங்கை.

அவள் நில அளவையர். காடுமேடெல்லாம் நடந்து தேய்ந்த கால்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு லாரி அவளுடைய ஸ்கூட்டரை இடித்துத் தள்ளியது. முதுகுத் தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவு போனது. அப்பா அம்மா இல்லை, நான் கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை. என் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற வேலை எனக்கு. காலை ஒன்பதுக்குப் போனால் ஆறுக்குத்தான் திரும்புவேன். அதுவரை அவளுக்குப் பொழுது போக வேண்டாமா?

அந்த விளையாட்டில் ஒரு பெரிய தேசம் இருக்கிறது. மலை, கோட்டை, பூதம் எல்லாம் உண்டு. யாராக வேண்டுமானாலும் பிறக்கலாம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். சலித்தால் வேறு முகத்தோடு முதலிலிருந்து தொடங்கலாம். மற்றவர்கள் ஜெயிக்க ஆடுவார்கள். இவள் வேறு ஆளாக வாழ்ந்து பார்க்க ஆடினாள். ஒவ்வொரு ஆளுக்கும் நோட்டில் விதிகள் உண்டு. அவள் சொல்ல நான் எழுதுவேன். மீறினால் பிடிப்பதும் நான்தான்.

முதல் ஆள் ஒரு கோடாலிக்காரன். எழுதப் படிக்கத் தெரியாதவன், அதனால் வழியில் கிடைத்த கடிதம் எதையும் அவள் பிரிக்கக் கூடாது. ராஜாவைக் கொல்ல சதி நடப்பது தேசத்துக்கே தெரிந்தும் அவனுக்கு மட்டும் கடைசிவரை தெரியவில்லை. இரண்டாவது ஒரு சாமியார். ஓநாயைக்கூட அடிக்க மாட்டார், ஓடித்தான் தப்புவார். ஒரு கணவாயைக் கடக்க மூன்று வாரம் ஆயிற்று. மூன்றாவது ஒரு திருடி. கரண்டி மட்டும்தான் திருடுவாள்.

“அரண்மனைக்குள்ள பூந்துட்டு கரண்டியையா எடுப்பே?” என்று கேட்டேன்.

“நாளைக்குக் காலையில ராஜா எதால அள்ளிச் சாப்பிடுவாருன்னு யோசிச்சுப் பாருண்ணே,” என்றாள்.

கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நீங்கள் ஒளிக்காமல் சொல்லச் சொன்னீர்கள்.

வாரத்தில் மூன்று நாள் ஒரு பிசியோதெரபிப் பெண் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் தங்கையின் இடது கால் கட்டைவிரல் அசைந்தது. அவள் அழுதாள், நானும் அழுதேன். இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக அழுகிறோம் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள்.

“விடாம பண்ணினா உங்க தங்கச்சி கண்டிப்பா நடந்துருவாங்க சார். பழைய வேலைக்கே போகலாம்,” என்று வாசலில் நின்று சொன்னாள்.

நடப்பாள், சரி. விழுந்தால்? வெளியே லாரிகள் இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன. தங்கைக்கு இனி வேண்டாமாம் என்று அவளிடம் சொன்னேன். இனிப் பலன் இல்லை என்று அவளே நின்றுவிட்டாள் எனத் தங்கையிடம் சொன்னேன். யார் மனமும் நோகவில்லை.

அடுத்தது மாத்திரை. தசை இறுக்கத்துக்கு டாக்டர் இரவில் ஒன்று எழுதியிருந்தார். காலையிலும் ஒன்று கொடுக்க ஆரம்பித்தேன்.

“காலெல்லாம் துணி மாதிரி கெடக்குண்ணே,” என்றாள்.

“அப்படித்தான் இருக்கும் பாப்பா. நிம்மதியா விளையாடு.”

அவளை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். வயது முப்பத்தொன்று.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் அவள் தூங்கும்போது, திருடியின் கரண்டிக் குவியலைப் பார்க்கலாம் என்று விளையாட்டைத் திறந்தேன். சேமித்த ஆட்டங்கள் மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தன. நான்காவதில் வெறுங்காலோடு ஒரு பெண் நின்றாள். நூற்று நாற்பது மணி நேரம் ஆடியிருந்தாள். எல்லாம் நான் கடையில் இருந்த நேரம்.

நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினேன். அவளே எழுதியிருந்தாள். ‘இவளுக்குக் குதிரை கிடையாது. ஆயுதம் கிடையாது. வீடு கிடையாது. யாரும் கிடையாது. நடந்தே போவாள்.’

அதன் கீழே, அளவையர் பாணியில் அடியும் அங்குலமுமாக ஒரு பட்டியல். திரையில் அந்தப் பெண் ஓர் ஊரை எட்டினால், என் தங்கை எழுந்து அந்த ஊருக்கென்று குறித்த தூரத்தை நடக்க வேண்டும். மண்கோட்டை என்றால் ஜன்னல் வரை. ஆற்றுத்துறை என்றால் அறைக் கதவு. பனிக்கணவாய் என்றால் சமையலறை. மூன்றுக்கும் டிக் போட்டிருந்தாள். நான்காவது கல்பாலம், குளியலறை. பக்கத்தில் ‘செவ்வாய்’ என்று எழுதியிருந்தாள். கடைசி ஊர் கடல்வாசல். அதற்கு நேரே ‘தெரு, பஸ் நிறுத்தம்’ என்று மட்டும் இருந்தது. தூரம் போடவில்லை.

மெத்தைக்கு அடியில் கை விட்டுப் பார்த்தேன். சில வாரங்களாக நான் கொடுத்த காலை மாத்திரைகள் ஒன்றுவிடாமல் அங்கே இருந்தன. பிசியோதெரபிப் பெண் விட்டுப்போன வாக்கரைக் கட்டிலை ஒட்டிய அலமாரியிலிருந்து எடுத்தேன். கால்களின் ரப்பர் தேய்ந்திருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. ‘யாரும் கிடையாது’ என்ற வரியை மட்டும் பலமுறை படித்தேன்.

எங்கள் குளியலறைக் கதவு குறுகல். வாக்கர் உள்ளே நுழையாது. தினமும் நான்தான் தூக்கிப் போவேன். தனியாகப் போனால் சுவரில் இருக்கும் கைப்பிடியைத்தான் பிடித்தாக வேண்டும். அதற்கு நான்கு திருகுகள். திங்கட்கிழமை மாலை அவற்றைத் தளர்த்தினேன். கழற்றவில்லை. திருகு என் தொழில், மேடம். எது எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு சின்னச் சறுக்கல், கொஞ்சம் பயம், அவ்வளவுதான் என் கணக்கு.

செவ்வாய் காலை ‘போயிட்டு வரேன் பாப்பா’ என்று சொல்லிவிட்டு வாசல் கதவைச் சாத்தினேன். உள்ளே நின்றுதான் சாத்தினேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் அறையில் போய் உட்கார்ந்தேன். பதினொரு மணிவரை விளையாட்டின் இசை கேட்டது. பிறகு வாக்கரின் சத்தம். டக், டக். நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு மறுபடியும். இருபத்தாறு எண்ணினேன். நன்றாகத்தான் நடந்தாள், அதை நான் மறுக்க மாட்டேன்.

கைப்பிடி பெயர்ந்த சத்தமும் அவள் விழுந்த சத்தமும் ஒன்றாகவே கேட்டன.

“யாராவது இருக்கீங்களா?” என்று கூப்பிட்டாள். “யாராவது வாங்களேன்.”

யாராவது என்றால் யார்? நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அம்மாவைக்கூடக் கூப்பிட்டாள், அம்மா போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. நாற்பது நிமிடம். ‘அண்ணா’ என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் அந்த நொடியே ஓடியிருப்பேன்.

குரல் அடங்கிய பிறகு போனேன். வழியில் அவள் அறையில் திரை எரிந்துகொண்டிருந்தது; வெறுங்கால் பெண் கல்பாலத்தின் நடுவில் நின்றாள். அதை அணைத்துவிட்டுத்தான் குளியலறைக்குப் போனேன். தங்கைக்கு நினைவு இருந்தது. சுவரில் திருகுகள் இருந்த ஓட்டைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“எப்ப வந்தே?” என்று கேட்டாள்.

“நான் போகவே இல்ல பாப்பா,” என்றேன்.

இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது, பழைய முதுகுக் காயமும் மோசமாகிவிட்டது, இனி நடக்க வாய்ப்பில்லை என்று டாக்டர் சொன்னதாக நீங்களே சொன்னீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். பிசியோதெரபிப் பெண்ணை நிறுத்தியது நான். மாத்திரையைக் கூட்டியது நான். கைப்பிடியைத் தளர்த்தியதும், நாற்பது நிமிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இனி என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று நர்ஸிடம் சொன்னாளாம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோபம் வந்தால் அவள் அப்படித்தான். சாயங்காலம் ஆறு மணி ஆனால் என்னைத் தேட ஆரம்பித்துவிடுவாள்.