ஆறாம் மாதத்துப் படம்

எனக்குப் போட்டோவுக்கு நிற்பதே பிடிக்காது. வழுக்கை பளபளக்கும். ஆனால் தர்மம் செய்தால் போதாது, செய்தது தெரியவேண்டும் என்று எங்கள் சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். எழுதிக் கொடுத்தவன் நான்.

விசாரிக்க வந்திருக்கிறீர்கள், காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். யதிராஜன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் என்பதையும் சேர்த்து.

அலிபிரிப் பக்கத்துக் காசநோய்க்காரர்கள் பத்துப் பேரை ஆறு மாதத்துக்குத் தத்தெடுத்தோம். மாதம் ஒரு பை: பருப்பு, வேர்க்கடலை, சத்துமாவு, எண்ணெய். ஆஸ்பத்திரிப் பட்டியலில் முட்டையும் இருந்தது. நாங்கள் அதைத் தொடுவதில்லை என்பதால், பதிலுக்கு ‘காசநோய் வெட்கப்படவேண்டிய வியாதி அல்ல’ என்ற என் உரையை அச்சடித்துப் பையில் வைத்தோம்.

பச்சையம்மாள் பத்தாவது ஆள். சொந்த ஊர் குடுபல்லி, இங்கே ரத்னம்மா நடத்தும் பெண்கள் விடுதியில் சமையல். மாத்திரை சாப்பிட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது, இனி யாருக்கும் தொற்றாது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். விடுதியில் மட்டும் அவள் சொல்லவில்லை.

“பை வாணாம்னு சொல்லல சாமி. போட்டோ மட்டும் வாணாம். ரத்னம்மாவுக்குத் தெரிஞ்சா அடுப்பாண்ட உடமாட்டாங்க.”

படம் இல்லாமல் பை இல்லை என்பது விதி. மாதாமாதம் அவளை அலைக்கழிப்பானேன் என்று ஆறு மாதப் படத்தையும் ஒரே நாளில் எடுக்க ஏற்பாடு செய்தேன். இரக்கம்தான், வேறென்ன. அவளிடம் உருப்படியாக இரண்டு புடவைதான். மீதி நான்கை என் மனைவி வேங்கடலக்ஷ்மியின் பீரோவிலிருந்து கொண்டுபோனேன். சங்கத்துக் குளியலறையில் அவள் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தாள். போட்டோக்காரர் ரமணா சுவர்க் காலண்டரில் ஒவ்வொரு மாதமாகத் திருப்பினார். பை ஒன்றேதான்.

“நவ்வு அம்மா, நவ்வு, கொஞ்சம் சிரிக்கணும். சார் மொகத்தப் பாரு, நீதான் டாக்டராட்டம் கீற, அவுரு பேஷண்டாட்டம் கீறாரு,” என்றார் ரமணா. நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். ஆறு தடவை.

மூன்றாவது மாற்றலில் அவளுக்கு மூச்சு வாங்கிற்று. “இந்த மஞ்சப் புடவ நல்லாக்கீது சாமி,” என்று தடவிப் பார்த்தாள். வீட்டில் வேங்கடலக்ஷ்மி, “அதெல்லாம் உள்ளே கொண்டு வராதேங்கோ,” என்றாள். நான்கையும் கொல்லையில் கொளுத்தினோம். அவளுக்கே கொடுத்திருக்கலாம். பட்டியலில் புடவை இல்லை.

முதல் படத்தைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு போட்டேன். ரத்னம்மாவும் எங்கள் உறுப்பினர்தான். மறுநாள் காலை பச்சையம்மாள் தன் தட்டும் டம்ளருமாக என் கேட்டுக்கு வெளியே நின்றாள்.

“ஊருக்கே போறேன் சாமி. அண்ணன் ஊட்ல சேக்கணும். அடுத்த படத்துல ஊர் பேரு போடாதீங்க.”

கேட்டைத் திறக்காமலே அவளுக்கு விழிப்புணர்வு பற்றி விளக்கினேன். இரண்டாம் மாதப் படத்தில் ஊர்ப்பெயரையும் சேர்த்தேன். அரைகுறையாக விவரம் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

அண்ணன் அவளை வயலோரத்து மோட்டார் கொட்டகையில் வைத்தானாம். மாத்திரைக்குப் போன இடத்தில், வரிசையில் நின்றவர்கள் போனை எடுத்து, கைமாறி வந்திருந்த படத்தையும் அவள் முகத்தையும் ஒத்துப் பார்த்தார்களாம். அதற்குப் பிறகு அவள் போகவில்லை. இவ்வளவும் எனக்கு ரமணா சொல்லித் தெரியும்.

மூன்றாம் மாதம் காசநோய்ப் பிரிவிலிருந்து சபீனா என்ற பெண் போன் செய்தாள். பச்சையம்மாள் மாத்திரை வாங்கவே இல்லை, ஊரில் போய்த் தேடட்டுமா என்றாள்.

“எதுக்கும்மா அலையறே? மாசாமாசம் என் கையாலதான் பை வாங்கிண்டு போறா. மாத்திரையும் வெளியில வாங்கிக்கறாளாம்,” என்றேன். மூன்றாம் மாதப் படத்தை அனுப்பினேன். மஞ்சள் புடவை. சபீனா நன்றி சொன்னாள். தேடவில்லை.

நான்காம் மாதம் அவள் கொட்டகையிலேயே செத்துப்போனாள். வருத்தம்தான். ஆனால் பத்துப் பேரும் ஆறு மாதத்தை முடித்தால்தான் பாராட்டுப் பத்திரம். ஐந்தாம் படத்தை உரிய தேதியில் போட்டேன். ஆறாவதையும்.

அவளுடைய மீதி ஐந்து பைகள் சங்க அறையில் பத்திரமாக இருக்கின்றன. வேர்க்கடலையில் மட்டும் வண்டு.

நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஆறாம் மாதத்துப் படத்தை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். முதல் படத்தைவிடக் கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. அது எங்கள் சத்துமாவு.