பெண் என்று எழுதிய சீட்டு

எங்கள் வீட்டில் சர்க்கரை என்று எழுதிய டப்பாவில் சர்க்கரைதான் இருக்கும். இதென்ன பெரிய விஷயம் என்று நினைப்பீர்கள். நாலு வீட்டுச் சமையலறையில் போய்ப் பாருங்கள், சர்க்கரை டப்பாவில் உப்பும் உப்பு டப்பாவில் பழைய சாவிக்கொத்தும் இருக்கும். எனக்கு அது ஆகாது. அதனால்தான் வந்திருக்கிறேன், சார்.

உங்கள் கோப்பில் ஒரு விஷயம் தவறாக எழுதப்பட்டிருக்கிறது. மதகு திறக்கும் முன் எச்சரிக்கைச் சங்கு ஊதப்படவில்லை, அதனால் ஓடையில் இறங்கியிருந்தவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார் என்று. இறந்தவர் என் தங்கையின் கணவர். அது சரி. அடித்துச் செல்லப்பட்டதும் சரி. ஆனால் சங்கு ஊதப்பட்டது. மூன்று முறை, நீளமாக. நான் கேட்டேன். மதகுக்காரர் பாவம், இரண்டு மாதமாக வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அதை மட்டும் திருத்திவிட்டால் நான் கிளம்பிவிடுவேன். மதியம் கடை திறக்க வேண்டும்.

அப்படியானால் சங்கு கேட்கவில்லை என்று விசாரணையில் ஏன் சொன்னாய் என்பீர்கள். நியாயமான கேள்வி. முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் பரிசோதித்து, லென்ஸ் வெட்டிக் கொடுப்பது தொழில். மற்ற நேரமெல்லாம் மீன். கடையில் விற்கும் தங்க மீன் அல்ல, குள்ள சிக்லிட். சுண்டுவிரல் நீளம்தான் வரும். ஓடைகளில், உதிர்ந்து கிடக்கும் இலைகளுக்கு அடியில் குடித்தனம் நடத்தும். நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து ஒரு சங்கம் மாதிரி வைத்திருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு பல் டாக்டர் வீட்டில் கூடுவோம். அவரவர் பிடித்ததைக் கொண்டுவருவார்கள், நான் பார்த்துச் சொல்வேன். முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணி, வாலடிப் புள்ளியைப் பார்த்து, இது இன்ன வகை, இது ஆண், இது பெண் என்று. சொன்னதைச் சீட்டில் எழுதித் தொட்டியில் ஒட்டுவார்கள். எந்த ஓடை, என்ன தேதி, எது ஆண், எது பெண், கீழே என் கையெழுத்து. சீட்டு இல்லாத மீனை எங்களில் யாரும் தொட மாட்டார்கள். பத்தொன்பது வருஷமாக அந்தக் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்றைக்கூடத் திருத்தியதில்லை. எனக்கு அங்கே அகராதி என்று பெயர். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஒருமுறை ஒரு தபால்காரர் ஒரு ஜோடி கொண்டுவந்தார். சீட்டைத் தானே எழுதி ஒட்டியிருந்தார். அவர் பெண் என்று எழுதியது ஆண். எல்லோர் முன்னாலும் எழுந்து சொன்னேன். சிரித்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து அவர் வரவில்லை. அவருக்காக நான் வருத்தப்படவில்லை, தப்பு தப்புதான்.

மாப்பிள்ளையை இதில் இழுத்துவிட்டதே நான்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மேலே போவதும் கீழே வருவதுமாகவே பிழைப்பு என்று கேலி செய்வேன், அவரும் சிரிப்பார். தங்கமான மனுஷன். நாற்பத்திரண்டு வயதிலும் கண்ணாடி தேவைப்படவில்லை. என் தொழிலில் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். அவருக்கு நல்ல மூச்சு, நல்ல கண். எனக்கு முழங்கால் வலி. அதனால் அவர் ஓடையில் இறங்குவார், நான் கரையில் நிற்பேன்.

கரையில் நிற்பவருக்கு எங்களிடம் ஒரே ஒரு வேலை. தண்ணீரில் இருப்பவர் முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக் குப்புறக் கிடப்பார். காது நீருக்குள். கூப்பிட்டால் கேட்காது. அதனால் கரையில் இருப்பவர் இரண்டு கூழாங்கற்களை நீருக்குள் விட்டு ஒன்றோடொன்று தட்ட வேண்டும். அது நன்றாகக் கேட்கும். இரண்டு தட்டு தட்டினால் உடனே எழுந்து கரையேறு என்று அர்த்தம். மேலே மதகு. சங்கு ஊதிப் பத்து நிமிஷம் கழித்துத் திறப்பார்கள். கரையேறப் பத்து நிமிஷம் தாராளம்.

ஒன்பது மாதத்துக்கு முன் மாப்பிள்ளை அந்த ஓடையில் ஒரு ஜோடியைப் பிடித்தார். ஆணுக்கு வால் ஓரம் சிவப்பு, பெண் முழு மஞ்சள். எங்கள் யாரிடமும் இல்லாத வகை. நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். பல் டாக்டர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் வீட்டு வரவேற்பறையில் தனித்தொட்டி, சீட்டு, கையெழுத்து. ஆனால் ஜோடி முட்டையிடவில்லை. ஒவ்வொரு மாதமும், "என்ன அகராதி, விசேஷம் உண்டா?" என்று கேட்பார்கள். பொறுமை வேண்டும் என்பேன்.

தங்கையும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிடுவது வழக்கம். சாப்பிட்டதும் அவர் நாற்காலியைத் தொட்டி முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் திரும்பினார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. இது பொண்ணு இல்ல."

நான் சிரித்தேன்.

"நிஜமாத்தான் சொல்றேன். பெரியவன் அந்தப் பக்கம் போனதும் இது துடுப்பை விரிக்குது பாருங்க. சின்ன ஆம்பள. அடி வாங்காம இருக்க மஞ்சளைப் போட்டுக்கிட்டு ஒட்டிக்கிட்டிருக்கு."

இப்படி நடப்பது உண்டு. சண்டைக்குத் தெம்பில்லாத ஆண், பெண்ணின் நிறத்தில் திரிந்து பிழைத்துக்கொள்ளும். எனக்குத் தெரியாததல்ல, புத்தகத்தில் அடிக்கோடு போட்டே வைத்திருக்கிறேன். ஆனால் நான் பார்த்துச் சொன்ன மீனில் அது நடக்காது.

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்ணா," என்றாள் தங்கை, தட்டை எடுத்துக்கொண்டே. "ஆறு மாசமா எங்கிட்ட பேசினதவிட இந்த மீனைப் பாத்ததுதான் அதிகம்." என் மனைவி சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டார். "ஒண்ணும் இல்ல மச்சான், சங்கத்துல நீங்களே சொல்ற மாதிரி சொல்லிடுங்க. சனிக்கிழமை ஓடைக்குப் போய் நிஜப் பொண்ணு ஒண்ணைப் பிடிச்சுட்டு வந்துடறேன். பக்கத்துல வச்சா பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரிஞ்சுடும்."

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாமே என்றேன். அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை போனோம். கிளம்பும்போது தங்கை, "ரொம்ப நேரம் தண்ணியில விடாதண்ணா, ஏற்கெனவே சளி," என்றாள். சரி என்றேன். மாப்பிள்ளை இறங்கினார். நான் இரண்டு கற்களைத் தேர்ந்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று பதினேழுக்குச் சங்கு ஊதியது. நேரம் பார்ப்பது என் பழக்கம். கற்களைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அவர் தண்ணீருக்கு மேல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மீனைக் கண்டுவிட்டார் என்று அர்த்தம். கல்லைத் தட்டினால் மீன் கலைந்துவிடும். எந்த மீன்காரரும் அந்த நேரத்தில் தட்டத் தயங்குவார். கற்களைக் கீழே வைத்தேன்.

பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தேன். சூடாகத்தான் இருந்தது.

மூன்று இருபத்திரண்டுக்கு அவர் எழுந்து நின்றார். இடுப்பளவு தண்ணீர். கையில் பை, உள்ளே ஒரு மஞ்சள் மீன். "மச்சான், கிடைச்சுட்டா! பாருங்க இவ வயித்த, முட்டையா இருக்கு!" பையைக் கரைக்குத் தூக்கிப் போட்டார். நான் பிடித்துக்கொண்டேன். பார்த்தேன். பிறகு அவர் கேட்டார்.

"சங்கு ஊதுச்சா மச்சான்? என்னமோ கேட்ட மாதிரி இருந்துச்சு."

"இல்லயே மாப்பிள்ளை," என்றேன். "நேரம் இருக்கு. இவளுக்குத் துணையா ஒரு ஆணையும் பிடிச்சுட்டு வாங்க."

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி குப்புறப் படுத்தார். மூன்று இருபத்தேழுக்குத் தண்ணீர் வந்தது. மதகுக்காரர் ஒரு நிமிஷம்கூடப் பிந்தவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மனுஷன் கடமை தவறாதவர்.

அந்தப் பெண் மீனை நான் ஓடையிலேயே விட்டுவிட்டேன். துணை இல்லாத ஒரு பெண்ணை நாலு கண்ணாடிச் சுவருக்குள் அடைத்து வைப்பது பாவம்.

தங்கை இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சங்கத்தில் இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றோம். சீட்டில் 'பிடித்தவர்' என்று மாப்பிள்ளையின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றார் பல் டாக்டர். நானே என் கையால் எழுதினேன்.

போன வாரம் மதகுக்காரர் என் கடைக்கு வந்தார், வாசிக்கிற கண்ணாடி வேண்டும் என்று. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். நாலாவது வரிக்கு மேல் போகவில்லை. கண்ணில் கோளாறு இல்லை, தண்ணீர் நிரம்பியிருந்தது. "சார், நான் ஊதினேன் சார். யாரும் நம்பல. வீட்டுலகூட நம்பல," என்றார். எனக்கு அன்று தூக்கமே வரவில்லை. கடமையைச் செய்தவன் தலையில் பொய்ச் சீட்டை ஒட்டியிருக்கிறோமே என்று. அதனால்தான் வந்தேன். அவர் தங்கையின் வீட்டு ஆளல்ல, எனக்கு உறவுமல்ல. இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம், கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். பத்து நாளைக்கு முன் பெரிய ஆண் மீன் செத்துவிட்டது. நாலே நாளில் மற்றதன் மஞ்சள் வெளுத்து, வால் ஓரம் சிவப்பு ஏறத் தொடங்கியது. முதுகுத் துடுப்பும் நீண்டுவிட்டது. "என்னங்க, இந்தப் பொண்ணுக்கு மீசை முளைச்ச மாதிரி இருக்கே," என்றாள் மனைவி. தண்ணீர் மாறினால் நிறம் மாறும் என்றேன். தங்கை வந்து தொட்டி முன்னால் அவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சீட்டைப் படித்தாள்.

"அவர் சொன்னது சரிதானேண்ணா?" என்றாள். அழவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நான் சீட்டின் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினேன்.

உங்கள் கோப்பை இன்றே திருத்திவிடலாம், சார். சங்கு ஊதியதற்கு நான் சாட்சி, நேரம்கூடச் சொல்லிவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் வீட்டுத் தொட்டியில் இருக்கும் சீட்டைத் தயவுசெய்து யாரும் கிழிக்க வேண்டாம். அதில் பெண் என்றுதான் எழுதியிருக்கிறது, பெண் என்றே இருக்கட்டும். ஒரே ஒரு மீனின் நிறத்தைப் பார்த்துவிட்டு அவசரப்பட்டு மாற்றி எழுதுகிற ஆள் நானில்லை.