கடைச் சுவரில் எழுதியதெல்லாம் சட்டமாகுமா?

கூச்சல் எழுந்தால் குரல் உயர்த்தாமல், மூக்குக் கண்ணாடியைக் கழற்றியே கூட்டத்தை அடக்கும் அவைத் தலைவர் ராயிஸ் ஹேவுட் அவர்களே! ஹோபார்ட்டுக்குத் தெற்கே கடலோரம் வாழும் டோவர் நகரத்து வணிகப் பெருமக்களே! வாங்கிய பொருளை இன்னும் வண்டியிலிருந்து இறக்காத வாடிக்கையாளர்களே! இந்தக் குளிரிலும் அடுப்பை மூட்டி ஸ்கோன் ரொட்டி சுட்டு வந்த தாய்மார்களே! பேச்சு நீண்டால் நழுவிவிடலாம் என்று கதவருகே நிற்கும் கனவான்களே! அனைவருக்கும் வணக்கம்.

வியாழக்கிழமைதோறும் நூலகத்து மூலையில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சட்டம் விளக்குகிறவன் நான். இலவசம் என்பதால் பாதிப்பேர் நம்புவதில்லை. நம்பி வந்தவர்களின் கதை ஒன்றை இன்று சொல்கிறேன். சம்பந்தப்பட்ட மூவரும் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். சொல்லட்டுமா என்று கேட்டேன். பெண்கள் இருவரும் சரி என்றார்கள். மெர்வின் தோளைக் குலுக்கினார். நம் ஊரில் அதற்குப் பெயர் முழுச் சம்மதம்.

கிளெனிஸ் ரட்ஜ் அம்மையாரை அறியாதார் யார்? படகுத்துறைக்கு எதிரே கயிறும் கொக்கியும் மோட்டாரும் விற்கிறவர். கணவர் காலமான பின் கடையைத் தனியாகக் கட்டிக் காக்கிறவர். அவர் கடைச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. "விற்றது விற்றதுதான். திரும்பத் தருமாறு கேட்கக்கூட வேண்டாம்."

மெர்வின் பர்டன் அங்கே ஒரு படகு மோட்டார் வாங்கினார். ஓராண்டு உத்தரவாதம். ஆண்டு முடிந்தது. அடுத்த மாதமே, மனைவி பெரிலை ஏற்றிக்கொண்டு மீன் பிடிக்கப் போன இடத்தில், நடுக் கடற்கால்வாயில், மோட்டார் முனகியது, இருமியது, நின்றது.

காற்று தள்ளியது. நீரோட்டம் இழுத்தது. படகு பாறையைப் பார்த்துப் போனது. மெர்வின் ஐஸ் பெட்டியின் மூடியைக் கழற்றித் துடுப்பாக வலித்தார். நீந்தத் தெரியாத மனிதர். பெரில் அம்மையார் தம் மிதவைச் சட்டையின் வாரை அவர் சட்டையோடு சேர்த்து முடிச்சுப் போட்டார்.

"எதுக்கும்மா இது?"

"போனா சேர்ந்து போவோம். தனியா விட்டா நீ தொலைஞ்சு போவே. கடைத்தெருவிலேயே தொலையற ஆளு."

மீன் பண்ணைப் படகு ஒன்று பார்த்தது, கயிறு வீசியது, பிழைத்தார்கள்.

மறுநாள் மெர்வின் அந்த மோட்டாரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கடைக்குத் தள்ளிவந்து, மேசைமேல் தூக்கி வைத்தார்.

"ஏன்யா மெர்வ், பலகையைப் படிக்கலையா?" என்றார் கிளெனிஸ்.

"படிச்சேன். கேட்கக்கூடாதுன்னு போட்டிருக்கே. நான் கேட்கலையே. வச்சுட்டுப் போறேன்."

"உத்தரவாதம் போன மாசமே முடிஞ்சுது. மெல்பர்ன்ல கம்பெனி இருக்கு. அவங்ககிட்ட பேசு."

"கம்பெனிக்காரன் மூஞ்சிய நான் பார்த்ததே இல்ல. உன் மூஞ்சியப் பார்த்துத்தான் வாங்கினேன்."

அன்றோடு பேச்சு நின்றது. கிளெனிஸும் பெரிலும் புல்தரையில் பந்துருட்டும் ஆட்டத்தில் பலகால ஜோடி. அந்தச் சனிக்கிழமையும் சேர்ந்தே ஆடினார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. வென்றார்கள். கோப்பையை யார் கொண்டுபோவது என்று கேட்டுக்கொள்ளாததால் அது இன்னும் மைதானத்துக் குளியலறையில் இருக்கிறது.

வழக்குப் போடுவேன் என்றார் மெர்வின். அதற்கு முன் என் மேசைக்கு வந்தார். அவர் வண்டி பழுது. ஆகவே அவரை ஏற்றி வந்தவர் கிளெனிஸ். எதிராளிகள் இருவரும் ஒரே வண்டியில் வந்திறங்கியதை நான் கண்ணால் கண்டேன்.

நான் சொன்னேன்: பலகை சட்டமாகுமா? ஆகாது! அப்படிப் பலகை வைப்பதையே சட்டம் அனுமதிக்காது. தாளில் எழுதிய உத்தரவாதம் முடிந்தால் உரிமை முடியுமா? முடியாது! மோட்டார் என்று விற்றால் நியாயமான காலம் மோட்டாராக இருக்க வேண்டும். "கம்பெனியைப் போய்ப் பார்" என்று கைகாட்டலாமா? கூடாது! விற்ற கைதான் பொறுப்பேற்ற கை. இவ்வளவு பெரிய பழுதென்றால் பணமா, புது மோட்டாரா என்று தேர்ந்தெடுப்பவர் வாங்கியவர்.

என்ன? பின்வரிசையில் ஒரு குரல்... மழை நின்றுவிட்டது என்பதற்காக மழைக்கோட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா? இல்லை ஐயா. மனம் மாறியதற்குக் கடைக்காரர் பொறுப்பல்ல. உட்காருங்கள்.

கிளெனிஸ் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தார். "அப்ப என் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான். இது மாதிரி இன்னும் நாலு பேர் வந்தா நான் காலி."

அப்போதுதான் நான் மறுபக்கத்தைத் திருப்பினேன். தயாரிப்பில் பழுதென்றால் கடைக்காரர் கொடுத்ததைத் தயாரித்தவரிடமிருந்து கேட்டுப் பெறலாம். அதுவும் சட்டம்தான்!

"இத ஏன் எனக்கு யாரும் சொல்லல?"

"நீங்கதான் கேட்கக்கூடாதுன்னு எழுதி வச்சிருந்தீங்களே," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஆனால் அன்றே மெர்வினுக்குப் பணம் கொடுத்தார், பலகையை இறக்கினார், கம்பெனிக்கு எழுதினார். "எங்கள் கொள்கை இடம் கொடுக்காது" என்று பதில் வந்தது. கொள்கை! கடலில் மிதப்பவனுக்குக் கொள்கை மிதவையாகுமா? கிளெனிஸ் ஹோபார்ட்டில் சிறு வழக்கு மன்றத்துக்குப் போனார். கம்பெனிக்கு வக்கீல் இருந்தார். கிளெனிஸுக்கு யார் இருந்தார்?

கதவைத் திறந்துகொண்டு மெர்வின் வந்தார்! பின்னால் பெரில் வந்தார்!

மெர்வினுக்குப் பணம் கிடைத்துவிட்டது. அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. சாட்சிக் கூண்டில் ஏறி நின்றார்.

"பராமரிப்பு சரியில்லை என்கிறோம்," என்றார் வக்கீல்.

"அந்த மோட்டாரை வாராவாரம் துடைச்சேன். என் பெண்டாட்டிகிட்ட கேளுங்க, அவளுக்குப் பொறாமை."

"உண்மைதான்," என்றார் பெரில். பிறகு குரல் மாறியது. "ஐயா, அந்தப் பாறை எவ்வளவு பக்கத்துல வந்துச்சுன்னா, அதுல ஒட்டியிருந்த சிப்பிய நான் பார்த்தேன். அந்த மோட்டாரைச் செஞ்சவங்க பார்க்கல. வித்தவளும் பார்க்கல. ஆனா அவ ஒருத்திதான் தப்பை ஏத்துக்கிட்டா." சொல்லிவிட்டுப் போய்க் கிளெனிஸின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கிளெனிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தீர்ப்பு வரும்வரை விடவில்லை.

தீர்ப்பு கிளெனிஸுக்குச் சாதகமாக வந்தது. கம்பெனி கொடுத்தது.

பெருமக்களே! விற்பவரும் வாங்குபவரும் பகைவர் என்று யார் சொன்னது? ஒரே தெருவில் வாழ்கிறோம். ஒரே துறையில் படகு கட்டுகிறோம். ஒரே மழையில் நனைகிறோம். அறியாமை நம்மைப் பிரித்தது. அச்சம் நம்மை ஊமையாக்கியது. கேளுங்கள்! வாங்குமுன் கேளுங்கள், விற்றபின் கேளுங்கள், மறுத்தால் மறுபடி கேளுங்கள்! பெரிய கம்பெனி எதிரே நிற்கும்போது, கடை மேசையின் இருபுறமும் நிற்கும் நாம் ஒரே புறம் நிற்போம்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்த தலைவருக்கும் நன்றி. அடுத்த வியாழன் வாருங்கள். என் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். சண்டை போட்டவரையும் அழைத்து வாருங்கள். வணக்கம்!