மணல் தூவிய முளைப்பாரி

— முளைப்பாரி வீட்டத் தொறக்க மாட்டேன்னா விடுங்க பெரியம்மா. நான் இந்த வாசப்படியிலயே ஒக்காந்துக்கிறேன். சாயங்காலம் பாரி எடுக்க மேளத்தோட வருவாங்கள்ல, என்னயத் தாண்டித்தான் உள்ள போகணும்.

— சொன்னாக் கேளு தாயி. எல்லாரும் கம்மாயில குளிக்கப் போயிருக்காளுக. திரும்பி வந்து ஒன்னய இங்கன பாத்தா என் தலையப் போட்டு உருட்டுவாளுக.

— உருட்டட்டும். முந்தாநேத்துலருந்து என் தலையத்தான உருட்டுறாங்க. என் முளைப்பாரிச் சட்டிய வெளிய தள்ளுனீங்களே, என்னய ஒரு வார்த்தை கேட்டீங்களா? முளைப்பாரி வீட்டுக்குக் காத்தாயிதான் பொறுப்புன்னு ஊரு ஒங்க கையிலதான சாவியக் குடுத்துச்சு? எங்க நாத்தனா கையிலயா குடுத்துச்சு?

— ஒன் நாத்தனா மணிமேகலை வாய அடக்க என்னால ஆகுமா? கும்மியடிக்க வந்தவளுக எல்லாரும் பாத்துட்டாளுக. பயிரு சாஞ்சு கெடக்கு. சட்டியத் தொட்டா கறுப்பு ஈ மொய்யுன்னு எந்திரிக்குது. ஒன் பேரச் சொல்லி ஒருத்தி ஆரம்பிச்சா, அம்புட்டுத்தான், எல்லாரும் கூடச் சேந்துக்கிட்டாளுக.

— ஈ எதனால வந்துச்சுன்னு நீங்க சொல்லிருக்கலாம்ல. சட்டி நெறைக்கிற அன்னைக்கே நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். ஆவுடையப்பன் ஆட்டுக்கெடையில இருந்து புழுக்கைய அள்ளுன ஈரத்தோட கொண்டாந்து கொட்டுனாங்க. காயட்டும்னு சொன்னேன், யாரு கேட்டீங்க? அதுக்கு மேல காலையில தண்ணி, சாயங்காலம் தண்ணி. வெளிச்சமும் படாது, காத்துக்கு ஒரு சன்னலும் கெடையாது. இதுல ஈ வராம மயிலா வரும்?

— எல்லாச் சட்டிக்கும் அதே புழுக்கைதான தாயி. ஒன் சட்டி மட்டும் ஏன் படுத்துச்சுன்னு கேக்குறாளுக.

— அதத்தான் நானும் கேக்குறேன். படுக்குறதா இருந்தா எஞ்சட்டி கடைசியாத்தான் படுக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி கந்தர்வக்கோட்டைப் பக்கம் நாத்துப் பண்ணையில வேலை பாத்தவ நான். மொளகா நாத்து, கத்திரி நாத்துன்னு தட்டு தட்டா பாத்தவ. இந்த ஈ ஈரமண்ணுலதான் முட்டை வைக்கும். நூலாட்டம் புழு வந்து வேரக் கடிச்சுப்புடும், மேல பயிரு தானாச் சாஞ்சுரும். மேல்மண்ணு காஞ்சு கெடந்தா அதால ஒண்ணும் செய்ய முடியாது. அதுக்குத்தான் வெதைய மூடிட்டு மேல ஒரு வெரக்கடைக்கு மணல வறுத்துத் தூவுனேன். நீங்ககூடச் சிரிச்சீங்க. என்னடி, சட்டிக்குப் பவுடரு போடுறியான்னு கேட்டீங்க.

— கேட்டேன். இல்லங்கல.

— மஞ்ச அட்டையில வெளக்கெண்ணெயத் தடவித் தொங்கவிடுங்க, பறக்குற ஈயெல்லாம் ஒட்டிக்கிரும்னு சொன்னேன். சாமி வீட்டுல வந்து ஈப் புடிக்கிறாளாம்னு அதுக்கும் ஒரு சிரிப்பு. இப்ப ஈ வந்ததும் பழி என் வயித்து மேல. எங்க நாத்தனா என்ன சொன்னாங்கன்னு ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா, நான் சொல்லட்டுமா?

— வேணாம் தாயி. அது எதுக்கு இப்ப.

— ஏன் வேணாம்? ஊரே கேட்டதுதான. வயித்துல தங்காதவ கை பட்டா சட்டியில மட்டும் தங்கிருமான்னு கேட்டாங்க. ரெண்டு தடவை கலைஞ்சு போச்சு எனக்கு. ரெண்டு தடவையும் ஆஸ்பத்திரியில எங்கூட இருந்தவுங்களே அவுங்கதான். அந்த வாயாலயே சொன்னாங்க. புள்ள வேணும்னுதான இந்த வருசம் பாரி போடுறேன்னு வேண்டிக்கிட்டேன்? அதுவும் அவுங்களுக்குத் தெரியும்.

— கோவத்துல சொல்லிட்டா. மனசுல வெச்சுக்காத.

— அப்புறம் காலால எத்துனாங்க பெரியம்மா. கையால தொட்டா தீட்டு ஒட்டிக்கிருமாம். வாசப்படியில நான் நிக்கிறேன், என் கண்ணு முன்னால சட்டியக் காலாலயே எத்தித் தள்ளிக்கிட்டுக் கொல்லைக்குக் கொண்டு போனாங்க. நீங்க பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க?

— நின்னேன்.

— ஞாயமா இது? எங்க வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல ஒக்காந்துக்கிட்டு, அக்கா சொல்றதக் கேட்டு நடந்துக்கங்குறாரு. அக்கா என்ன சொல்றாங்க தெரியுமா? இன்னைக்கு ஊர்வலத்துல பாரி இல்லாம வெறுந்தலையா நின்னேன்னா துணிமணியக் கட்டிக்கிட்டு பஸ் ஏறிரணுமாம். என் தம்பிக்கு வேற எடம் பாக்க எனக்குத் தெரியும்னு சொல்லிட்டாங்க. சொல்றவுங்க இல்ல அவுங்க, செய்றவுங்க.

— அப்ப ஒண்ணு செய்யி. எஞ்சட்டிய எடுத்துக்க. நல்லாத்தான் வந்திருக்கு. நான் தூக்கலன்னா யாரும் என்னய ஒண்ணும் கேக்க மாட்டாளுக.

— ஒங்க சட்டி எனக்கெதுக்கு? நீங்க எதுக்குத் திடீர்னு எனக்குத் தாரீங்க?

— பாவம்னுதான் தாரேன். வேற எதுக்கு.

— அந்தப் பாவம் முந்தாநேத்து எங்க போச்சு? எஞ்சட்டிய நான் பாக்கணும். நாலு பயிரு நின்னாலும் போதும், அதத்தான் தூக்குவேன். கொல்லையிலதான கெடக்கு?

— சத்யா, அங்கிட்டுப் போகாத. சொன்னாக் கேளு. போகாத தாயி.

— விடுங்க கைய. எஞ்சட்டியப் பாக்க எனக்கு யாரு உத்தரவு வேணும்? இந்தா, முருங்கைக்கு அடியில கவுந்து கெடக்கு. பாவிங்க, நிமுத்தி வைக்கக்கூட ஆளு இல்ல.

— தொடாத. வந்துரு. அவளுக வர்ற நேரம்.

— இதுல மணல் எங்க பெரியம்மா?

— கவுந்ததுல கொட்டிருக்கும்.

— கொட்டுன எடத்துல பாருங்க, வெறும் புழுக்கை மண்ணுதான் கெடக்கு. சட்டிக்குள்ளயும் அடி வரைக்கும் சேறாட்டம் இருக்கு, புழு நெளியுது. ஒரு பொடி மணல் இல்ல. சட்டிக் கழுத்துல இருக்குறது நான் அடையாளத்துக்குக் கட்டுன செவப்பு நூலுதான். ஆனா இந்த முடிச்சு நான் போட்டது இல்ல.

— கத்தாத தாயி.

— இது எஞ்சட்டி இல்ல. எஞ்சட்டி எங்க? வாயத் தொறங்க, இல்லன்னா இங்கனயே நின்னு ஊரக் கூட்டுவேன்.

— ஒன் கால்ல வேணா விழுறேன். மெதுவாப் பேசு.

— எங்க பெரியம்மா?

— உள்ளதான் இருக்கு. நடுவுல. வேப்பெலை சுத்தி, மாலை போட்டு.

— அது ஆத்தா பாரி. ஊருப் பொதுவுல சாமிக்குன்னு போட்டது.

— ஆத்தா பாரி இது. ஒங்கையில இருக்குறது. முந்தாநேத்து விடியக்காலையில தண்ணி தெளிக்கலாம்னு உள்ள போனா, நடுவுல ஆத்தா பாரி மொத்தமும் படுத்துக் கெடக்கு. வர்றவ ஒவ்வொருத்தியும் வேண்டிக்கிட்டு அதுலதான ஆளுக்கொரு சொம்பு ஊத்துனா. ஆத்தா பாரி படுத்துருச்சுன்னு தெரிஞ்சா ஊரு சும்மா விடுமா? வெரதத்துல காத்தாயி என்ன தப்பு பண்ணுனாளோன்னு ஆரம்பிப்பாக. மழை பேயலன்னா நான், மாடு செத்தா நான். சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாக.

— அதனால என் தலையில கட்டிட்டீங்க.

— மாலைய அவுத்து ஒன் சட்டிக்குச் சுத்துனேன். ஒன் நூல அவுத்து இதுக்குக் கட்டுனேன். எல்லாம் ஒரே வேளாரு செஞ்ச சட்டிதான, யாருக்கும் வித்தியாசம் தெரியல. சத்தியமாச் சொல்றேன், இம்புட்டுத் தூரம் போகும்னு நான் நெனைக்கல.

— ஊருல இத்தனை பேரு சட்டி இருக்கே, எஞ்சட்டிதான் கெடச்சுச்சா? புள்ளை இல்லாதவ, புருசன் ஊருல இல்ல, கேக்க ஒரு நாதி இல்லன்னுதான?

— இல்ல தாயி. அப்படி நெனைக்காத. இருக்குறதுலயே ஒன்னோடதுதான் நல்லா வந்திருந்துச்சு. ஒரு சாண் ஒசரம், ஒரு பயிரு சாயல. ஆத்தாளுக்கு அத விட்டுட்டு வேற எத வைப்பேன்?

— அப்ப நேத்து இவங்க சுத்திச் சுத்திக் கும்மியடிச்சது?

— ஒன் பாரியத்தான்.

— எங்க நாத்தனாவுமா?

— அவதான் மொதல்ல சூடத்தக் காட்டி, நெடுஞ்சாண்கிடையா விழுந்து கும்புட்டா. இந்த வருசம் ஆத்தா என்னமா வந்திருக்கான்னு அழுதா தாயி.

— நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. என் வயிறு ஆகாது, என் கையி ஆகாது, அந்தக் கையால வளத்தது மட்டும் சாமி.

— சொல்லிப்புடாத சத்யா. ஊரு என்னய உசுரோட வைக்காது. என் சட்டிய எடுத்துக்க, வேற என்ன கேட்டாலும் தாரேன்.

— எனக்கு ஒங்க சட்டி வேணாம். என் பாரி அங்கனயே இருக்கட்டும், ஆத்தாளுக்குப் போட்டதாவே போகட்டும். நான் இதத் தூக்கிக்கிறேன். இந்த மண்ண அள்ளிப் போடுங்க.

— இதையா? நாலு பயிருதான நிக்குது. ஊரே சிரிக்குமே.

— இத்தன நாளு சிரிக்காத ஊரா? சிரிச்சுட்டுப் போகட்டும். ஊருக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. ஆனா ஒரே ஒருத்தருக்கு நீங்க சொல்லணும். நானா இதத் தலையில ஏத்திக்க மாட்டேன். எங்க நாத்தனா வந்து ரெண்டு கையாலயும் தூக்கி ஏத்திவிடணும்.

— மணிமேகலையா? செத்தாலும் இந்தச் சட்டிய அவ கையால தொட மாட்டா தாயி. நான் என்னன்னு சொல்லி அவளக் கூப்புடுவேன்?

— முந்தாநேத்து நீ காலால எத்தித் தள்ளுனது சத்யா பாரி இல்ல, ஆத்தா பாரின்னு சொல்லிக் கூப்புடுங்க பெரியம்மா.