மகனை வணங்கிய பிக்குணி

...எல்லாம் சூனியம், ஆணும் இல்ல, பொண்ணும் இல்லன்னு காலையிலேருந்து இந்தப் பந்தல்ல உக்காந்து பேசிட்டோம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஒரு சின்னக் கதை சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் பேசுவோம். நான் கட்டுன கதைதான். ஆனா அதுல ஒரு விதி வருது பாருங்க... அது நான் கட்டுனது இல்ல.

அந்தக் காலத்து நாகப்பட்டினம். கடலோரமா ஒரு விகாரம், புத்தத் துறவிங்க மடம். அங்க நற்சேனைன்னு ஒரு பிக்குணி, பெண் துறவி. புருஷன் செத்ததும் மகனை அண்ணன் வீட்ல விட்டுட்டுத் துறவுக்கு வந்தவ. பல்லு விழுற வயசு வரைக்கும் தர்மம் படிச்சவ. மகன் நந்திமித்திரன் வளர்ந்து ஆளாகி, அவகிட்டயே வந்து தர்மம் கேட்டான். 'நான்'னு ஒண்ணு கிடையாதுடான்னு அவனுக்கு விளங்க வெச்சது யாரு? அவதான்.

அவனும் துறவி ஆனான். காலையில காவி குடுத்தாங்க. மத்தியானம் விகாரத்துத் தலைமைத் துறவி, பெரிய தேரர், நற்சேனையைக் கூப்பிட்டு, மகனை விழுந்து வணங்கச் சொன்னார். ஏன்? பிக்குணிக்கு நூறு வருஷத் துறவு இருந்தாலும், இன்னைக்குக் காவி கட்டுன பிக்குவை அவ எழுந்து வணங்கணும். அதான் விதி, பழைய ஏட்டுலயே இருக்கு.

அவ குனியல. ஆணும் இல்ல பொண்ணும் இல்லன்னு நேத்துதானே பேசுனீங்கன்னு கேட்டா. தேரர் சிரிச்சார். அப்படி ஒரு அன்பான சிரிப்பு...

"ஆமாம்மா. உண்மையில பொண்ணுன்னு யாருமே இல்ல. அப்போ குனியிறது யாரு? யாருமில்ல. உனக்கு எங்க வலிக்குது?"

"சரிங்க சாமி. குனியிறதுக்கு யாருமில்லன்னா, நிமிந்து நிக்கிறதுக்கும் யாருமில்ல. நான் இப்படியே நின்னுட்டுப் போறேன்."

தேரர் சிரிப்பை நிறுத்துனார். வணங்கு, இல்லன்னா விகாரத்தை விட்டுப் போன்னுட்டார். அந்த வயசுல அவ எங்க போவா?

மகனைப் பாத்தா. அவன் எழுந்திருந்தா போதும். வேண்டாம்மான்னு ஒரு வார்த்தை போதும். அவன்... புதுக் காவியைச் சரி பண்ணிக்கிட்டுத் தரையையே பாத்தான்.

அவ குனிஞ்சா. அவன் கையத் தூக்கி, "நல்லா இரு"ன்னான். பெத்தவளை.

அவன் கெட்டவனா? இல்லங்க, பாடத்தை ஒழுங்காப் படிச்சவன். நம்மள மாதிரி. ஒரு பொண்ணு எடம் கேக்கும்போது நமக்கு எல்லாமே சூனியம். நாம எடம் விடணும்னா மட்டும் நாம ஆம்பளைங்க.

கை தட்டுறீங்க... தட்டுங்க. பந்தலுக்குப் பின்னால நமக்குச் சோறு வடிக்கிறாங்களே பொம்பளைங்க, அவங்களுக்கு இதுல ஒரு வார்த்தை கேட்டிருக்காது. ஸ்பீக்கர் அத்தனையும் நம்ம பக்கமே திருப்பி வெச்சிருக்கோம்.