சூடு காணுமோ

இந்த மின்விசிறியை என் பக்கம் கொஞ்சம் திருப்பிவிடுங்கள், பிள்ளை. புழுக்கம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஓரிடத்தில் இருக்கவும் வராது. நடுவில் எழுந்து நடந்தால் தப்பாக நினைக்காதீர்கள், நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். நான் தமிழில் சொல்வதை நீங்கள் சிங்களத்தில் எழுத வேண்டும் என்று இந்தப் பொலிஸ் நிலையத்துப் பெரிய ஐயா சொன்னார். ஆறுதலாகவே சொல்கிறேன்.

என் பெயர் பத்மாவதி. என் கணவர் சிவானந்தன் முந்தாநாள் எங்கள் ஹெவ்லொக் டவுன் வீட்டு நீச்சல் தடாகத்தில் இறந்துபோனார்.

அந்தத் தடாகம் அவர் ஆசைப்பட்டுக் கட்டியது. முன்பு அந்த இடத்தில் என் மல்லிகைப் பந்தல் நின்றது. "பந்தலை எடுப்பமோ, பத்மா?" என்று என்னைக் கேட்டுத்தான் எடுத்தார். ஓம் என்றேன். என்னைக் கேட்காமல் அவர் எதையும் செய்ததில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற வேலையை விடுவமோ என்று கேட்டார், ஓம் என்றேன். மகள் ஹம்சிகாவை மெல்பேர்ணுக்கு அனுப்புவமோ என்று கேட்டார், அதற்கும் ஓம். அவர் கேட்கும்போதே மேசன்மார் வாசலில் வந்து நிற்பார்கள் என்பது வேறு கதை. தடாகத்தில் நான் ஒருநாளும் இறங்கவில்லை. குடும்பப் பெண் வெட்டவெளியில் நீந்துவது அழகில்லை என்பது அவர் எண்ணம். "உமக்கும் விருப்பமில்லைத்தானே?" என்று அதையும் கேட்டார். அதற்கு என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

போன வருஷம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது, ஒரேயொரு சொல்லைத் தவிர. அந்தச் சொல் "ஓம்". தேத்தண்ணி வேணுமோ என்றால் ஓம். வேண்டாமோ என்றாலும் ஓம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "பிரணவம் மட்டும் மிஞ்சியிருக்கு, குடுத்து வைச்ச மனுசன்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. குசினிக்குள் போய்ச் சிரித்தேன்.

பிசியோதெரபி செய்ய வருகிற அகீலா என்ற பெண்தான், வெதுவெதுப்பான தண்ணீருக்குள் பயிற்சி செய்தால் கால் சீக்கிரம் திரும்பும் என்றாள். ஹம்சிகா உடனே அங்கிருந்தே ஹீட் பம்ப் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தாள். அதைப் பூட்ட வந்த ரிப்கானுக்கு ஒரே பகிடி. "கொழும்பு வெக்கையில தண்ணிய சூடாக்கச் சொன்ன முதல் ஆள் நீங்கதான், மேடம்" என்றான். பிறகு விளக்கமும் சொன்னான். "இது காத்துல இருக்கிற சூட்ட இழுத்துத் தண்ணிக்குக் குடுக்கும். சூடு போன காத்து இந்தப் பக்கத்தால குளிரா வரும்."

அந்தக் குளிர்காற்றுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்து பார்த்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து எனக்குள் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. கை சும்மா இராது, கால் நிற்காது, கோயிலில் கண்ணை மூடினாலும் மனம் நிற்காது. அந்தக் காற்றில் அது நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் தண்ணீர் நாம் வைத்த சூட்டுக்கு வந்ததும் மெஷின் தானாக நின்றுவிடும். காற்றும் நின்றுவிடும். நான் மறுபடி வீடு முழுக்க நடக்கத் தொடங்கிவிடுவேன்.

அகீலா முப்பத்துமூன்றில் வைக்கச் சொல்லியிருந்தாள். ஒருநாள் மெஷின் நின்றபோது, சூடு போதுமோ என்று அவரைக் கேட்டேன். "இஞ்சாருங்கோ, சூடு காணுமோ, கூட்டிவிடவோ?" ஓம் என்றார். கூட்டினேன். காற்று வந்தது. சில நாள் கழித்து மறுபடி கேட்டேன், மறுபடி ஓம். குறைக்கவோ என்று கேட்டீர்களா என்று நீங்கள் கேட்கலாம். அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை. என்னையும் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இந்தச் சன்னலைத் திறக்கலாமா? சரி, பூட்டியே இருக்கட்டும்.

அகீலா கெட்டிக்காரி. தண்ணீரில் கையை வைத்ததுமே, "சூடு கூட, ஆன்ட்டி. அங்கிளுக்கு இது கூடாது, மயக்கம் வரும்" என்றாள். அவரையே கேட்டுப் பார் என்றேன். கேட்டாள். ஓம் என்றார். அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவர் ஓம் எண்டா ஓம் எண்டு எடுக்காதீங்க. முகத்தப் பாருங்க, முகம் பொய் சொல்லாது" என்றாள். நல்ல புத்திமதி. அன்றைக்குப் பிறகு நான் கதிரையை மெஷின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அவர் எனக்கு முதுகுப் பக்கம் இருந்தார்.

அத்தோடு அவள் நிற்கவில்லை. அவருக்கு இன்னொரு சொல்லைப் பழக்கத் தொடங்கினாள். அவருடைய இடது கையைப் பிடித்துத் தட்டவைத்து, "இல்... லை. எங்க சொல்லுங்க அங்கிள், இல்லை." அவர் வாயைக் கோணிக்கொண்டு "இல்" வரைக்கும் வந்தார். "அந்த ஒரு சொல் வந்தாப் போதும் ஆன்ட்டி, பிறகு அவர் ராஜாதான்" என்றாள். அவள் சொன்னது உண்மை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஓம் என்று மட்டும் சொல்கிற மனுசனோடு நான் அந்த வருஷம்தான் நிம்மதியாக இருந்தேன்.

முந்தாநாள் காலையில், வீட்டில் வேலை செய்கிற பழனியம்மாவை வெள்ளவத்தைச் சந்தைக்கு அனுப்பினேன். முதல்நாளே மெஷினை நாற்பதில் வைத்துத் தடாகத்தை மூடி விட்டிருந்தேன். அதற்கு மேல் அதில் இலக்கம் இல்லை. மூடியை ஒரு பக்கம் சுருட்டி, தண்ணீருக்குள் இருக்கிற ஆசனத்தில் அவரை இறக்கிப் பட்டியைப் பூட்டினேன். அவர் வழுக்கி விழக்கூடாது என்பதற்காக அகீலா பூட்டுவித்த பட்டி அது. ஒற்றைக் கையால் கழற்ற முடியாது. பிறகு போய் என் கதிரையில் இருந்தேன். நல்ல காற்று.

கொஞ்ச நேரத்தில் வழக்கம்போலக் கேட்டேன். "இஞ்சாருங்கோ, சூடு காணுமோ?"

"இல்லை" என்றார்.

மூன்று எழுத்தும் ஒன்றும் குறையாமல், சுத்தமாக. காணுமோ என்று கேட்டதற்கு இல்லை என்றால் காணாது என்றுதானே அர்த்தம்? மெஷினில் கூட்ட வழியில்லை. அதனால் அவருக்குப் பின்பக்கமாகப் போய், சூடு வெளியே போகாமல் இருக்க மூடியைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டேன். திரும்பி வந்து இருந்தேன். அவர் "இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூடிக்கு வெளியே கிடந்த இடது கை தடாகக் கரையில் தட்டிக்கொண்டிருந்தது. அகீலா கொடுத்த பயிற்சியைச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தட்டுவது நின்றது. காற்று மட்டும் நிற்கவில்லை. பழனியம்மா வந்து பார்த்துக் குழறி அழும் வரைக்கும் நான் அசையாமல் இருந்தேன். அவ்வளவு நேரம் நான் அசையாமல் இருந்தது என் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

தண்ணீரைச் சூடாக்கியது நான். பட்டியைப் பூட்டியது நான், மூடியை இழுத்ததும் நான். எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அவரைக் கேட்காமல் நான் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வேண்டாம் என்று அவர் ஒரேயொரு தடவை சொல்லியிருந்தால், பிள்ளை, நான் அந்த நிமிஷமே நிறுத்தியிருப்பேன்.