ரெண்டு அலகுக் கொம்பன்

மாரிச்செல்வி: நிப்பாட்டுங்க... நிப்பாட்டுங்கன்னு சொல்லுதேன்ல... இழுக்குது...

பாலகணேஷ்: என்ன இழுக்குது?

மாரிச்செல்வி: சேல. உங்க வண்டிச் செயினு என் சேலயத் திங்குது. எறங்கிப் பாருங்க.

பாலகணேஷ்: ஆடாத. அப்படியே நில்லு.

மாரிச்செல்வி: எங்கிட்டு ஆட? முந்தானை முழுக்க சக்கரத்துக்குள்ள கெடக்கு. கன்னுக்குட்டிய முளைக்குச்சியில கெட்டுன மாதிரி நிக்கேன்.

பாலகணேஷ்: கழுத்து இறுக்குதா?

மாரிச்செல்வி: கழுத்து இறுக்கல, மானந்தான் இறுக்குது. பஸ்ஸுல போறவன் பூராம் தலைய நீட்டிப் பாக்கான்.

பாலகணேஷ்: செத்த பொறு. சக்கரத்தப் பின்னால சுத்துனா தன்னால வந்துரும்.

மாரிச்செல்வி: சுத்தாதீங்க... அய்ய... இன்னும் ஒரு முழம் உள்ள போயிருச்சு.

பாலகணேஷ்: ஜரிகை பல்லுல சுத்திக்கிடுச்சு.

மாரிச்செல்வி: வண்டி வாங்குறப்ப சேல மாட்டாம இருக்க ஒரு கம்பி வலை இருந்துச்சே, அது எங்க?

பாலகணேஷ்: கழட்டிட்டேன்.

மாரிச்செல்வி: ஏன்?

பாலகணேஷ்: லுக்கு இல்ல.

மாரிச்செல்வி: இப்ப எம்புட்டு லுக்கா இருக்கு பாருங்க. மணி என்ன?

பாலகணேஷ்: ஒம்பது நாப்பது.

மாரிச்செல்வி: பத்து அஞ்சுக்குத் தாலி. மொத முடிச்சு மாப்பிள்ள, மத்த ரெண்டும் நாத்தனா போடணும். எந்தம்பிக்கு ஒரே அக்கா நான். ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துல மேளம் கொட்டுது, நான் வன்னியம்பட்டி விலக்குல வண்டியோட கெட்டிக் கெடக்கேன்.

பாலகணேஷ்: முடியலன்னா உங்க பெரியப்பா மக போடட்டும். சத்யப்பிரியாவும் அக்காதான?

மாரிச்செல்வி: அவ முடிச்சுப் போடுறதப் பாக்குறதுக்கு நானும் இந்தச் செயினுக்குள்ள போயிருவேன். அறுங்க.

பாலகணேஷ்: எத?

மாரிச்செல்வி: சேலயத்தான்.

பாலகணேஷ்: பட்டுச் சேலட்டி... வல்லரசு எடுத்துக் குடுத்த நாத்தனாப் பட்டு...

மாரிச்செல்வி: பாருங்க, ரெண்டு வருசம் கழிச்சு எந்தம்பி பேரு உங்க வாயில வருது. சேலைக்காவது வந்துச்சே. அறுங்க, மிச்சத்த இடுப்புல சொருகிக்கிடுதேன்.

பாலகணேஷ்: எது கொண்டு அறுக்க?

மாரிச்செல்வி: கேக்குறதப் பாரு. பட்டு வேட்டிக்கு உள்ள டவுசர் பையில என்னத்தச் சொமந்துக்கிட்டு வாரீங்க? "மடக்குக்கத்தி இல்லாம வெளிய போறவன் ஆம்பளையே இல்ல, ஒரு நா உதவும்"னு பத்து வருசமாச் சொல்லுதீங்கள்ல? அந்த ஒரு நா வந்துருச்சு. எடுங்க.

பாலகணேஷ்: அது... புதுசு.

மாரிச்செல்வி: சேலயும் புதுசுதான்.

பாலகணேஷ்: அதுக்கில்ல. செயினு கிரீஸு பட்டா அலகுல கறை பிடிக்கும்.

மாரிச்செல்வி: மாம்பழம் சீவக் கேட்டேன், புளிப்பு ஆகாதுன்னீங்க. பார்சல் பிரிக்கக் கேட்டேன், பல்லால கடின்னீங்க. அரிசி மூட்டைத் தையலறுக்கக் கேட்டதுக்கு, பக்கத்து வீட்டுல போயி அரிவாமனை வாங்கிட்டு வந்தீங்க. வீட்டுல முப்பத்தாறு கத்தி.

பாலகணேஷ்: முப்பத்தெட்டு.

மாரிச்செல்வி: வெளங்கும்.

பாலகணேஷ்: கத்தின்னா அறுக்க மட்டுந்தான்னு நெனைக்கிறவககிட்ட என்னத்தப் பேச? ஒரு நல்ல மடக்குக்கத்தி உள்ளங்கையில உக்காந்தா, உனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கும். ஆணி மூணு, பிடிப் பட்டை ரெண்டு, அலகு ஒன்னு. அம்புட்டுத்தான் சாமானு. நூறு வருசமா அதுல மாத்த ஒன்னும் இல்ல. உன் போன மாத்தி எம்புட்டு நாளாச்சு? அதுக்குள்ள பழசுன்னு சொல்லுத.

மாரிச்செல்வி: பிரசங்கம் முடிஞ்சுச்சுன்னா அறுங்க. பத்து அஞ்சு.

பாலகணேஷ்: சரி... தள்ளி நில்லு.

மாரிச்செல்வி: தள்ளி எங்க நிக்க?

பாலகணேஷ்: ம்...

மாரிச்செல்வி: என்ன?

பாலகணேஷ்: ஒன்னுமில்ல.

மாரிச்செல்வி: அறுக்கீங்களா, தடவிக் குடுக்கீங்களா?

பாலகணேஷ்: பட்டு வழுக்குது.

மாரிச்செல்வி: அழுத்துங்க.

பாலகணேஷ்: அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்.

மாரிச்செல்வி: குடுங்க இங்க... கையில குடுக்காதீங்க, சீட்டு மேல வைங்க, நான் எடுத்துக்கிடுதேன். கத்தியக் கைமாத்துனா சண்டை வரும்.

பாலகணேஷ்: இப்ப மட்டும் என்ன, கொஞ்சிக்கிட்டா இருக்கோம்?

மாரிச்செல்வி: என்னங்க இது... மூஞ்சி தெரியுது. மூக்குத்தி தெரியுது. நூலு அறுபடல.

பாலகணேஷ்: பாலீஷு போடுதேன்ல.

மாரிச்செல்வி: எங்கன?

பாலகணேஷ்: அலகு பூராவும். தெனமும். ரெண்டு பக்கமும்.

மாரிச்செல்வி: கூரு மேலயுமா?

பாலகணேஷ்: அத மட்டும் விட்டா அசிங்கமா கோடு தெரியும்ட்டி.

மாரிச்செல்வி: மில்லுல இருவது வருசம் ஃபிட்டரு. கத்திக்கே மொட்டை போட்டு வச்சிருக்காரு.

பாலகணேஷ்: கொம்பன் மட்டும் இருந்துருந்தா...

மாரிச்செல்வி: ஆரம்பிச்சாச்சா.

பாலகணேஷ்: கொம்பன் இருந்தா ஒரே இழுப்பு. எருமைக்கொம்புப் பிடி, ரெண்டு அலகு. மகாராஜபுரம் மிலிட்டரிக்காரரு சந்தனம்கிட்ட மூணு மாசம் நடையா நடந்து வாங்குனது. தர மாட்டேன்னு கதவச் சாத்துனாரு மனுசன்.

மாரிச்செல்வி: தெரியும். அது காணாமப் போன அன்னைக்கு நீங்க சாப்பிடாமச் சுருண்டு படுத்தீங்க. கொம்பன் போயிட்டான்னு நான் போனுல சொன்னதக் கேட்டு, யாரு செத்தாகன்னே தெரியாம எங்கம்மா அழுதுக்கிட்டே பஸ்ஸேறி வந்துட்டாக.

பாலகணேஷ்: காணாமப் போகல. உந்தம்பி எடுத்தான்.

மாரிச்செல்வி: அவன் எடுக்கல.

பாலகணேஷ்: அன்னைக்கு வீட்டுக்கு வந்தது அவன் ஒருத்தன். அவனுக்கும் என்னைய மாதிரி கத்திக் கிறுக்கு. கொம்பனக் கையில வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் கீழ வைக்கல. சாயங்காலம் மேசையில கத்தி இல்ல. வேற யாரு, காக்காவா?

மாரிச்செல்வி: அதுக்காக? கெடாவெட்டுல நூறு பேரு சாப்பிட்டுக்கிட்டு இருக்கையில அவன் சட்டைப்பையில கைய விட்டீங்க.

பாலகணேஷ்: ஒன்னும் சிக்கல.

மாரிச்செல்வி: சீப்பு சிக்குச்சு. அதையும் விரிச்சுப் பாத்தீங்க.

பாலகணேஷ்: மடக்குச் சீப்பு. பாக்க அப்படித்தான் இருந்துச்சு. நீ என்ன சொன்னாலும் சரி, உன்ன மண்டபத்து வாசல்ல எறக்கிவிட்டுட்டுத் திரும்பிருவேன். அவன் கல்யாணத்துல கை நனைக்க மாட்டேன்.

மாரிச்செல்வி: மொதல்ல வாசலு வரைக்கும் கொண்டுபோயிச் சேருங்க... போனு அடிக்குது. பையத் தொடாதீங்க, நானே எடுக்கேன்.

பாலகணேஷ்: ஏன், பைக்குள்ள பாம்பா இருக்கு?

மாரிச்செல்வி: ஆமா, கொத்தும். ...சொல்லுடா தம்பி.

வல்லரசு: அக்கா, எங்க இருக்க? மேடைக்கு வரச் சொல்லிட்டாக.

மாரிச்செல்வி: வந்துக்கிட்டே இருக்கேன்.

வல்லரசு: வண்டிச் சத்தமே கேக்கல.

மாரிச்செல்வி: மச்சான் மெதுவா ஓட்டுதாரு.

வல்லரசு: மச்சானும் வாராரா? உள்ள வருவாராக்கா?

மாரிச்செல்வி: நீ மேடைக்குப் போடா.

வல்லரசு: சரி விடு. நீ வா. சத்யப்பிரியா அக்கா இப்பவே கொண்டைய சரி பண்ணிக்கிட்டு எனக்குப் பின்னால வந்து நிக்குது. என்னால ரொம்ப நேரம் நிப்பாட்ட முடியாது.

மாரிச்செல்வி: அவள எறக்கி விடு. வச்சிருதேன்.

பாலகணேஷ்: என்னவாம்?

மாரிச்செல்வி: அந்தப் பக்கம் திரும்புங்க.

பாலகணேஷ்: எதுக்கு?

மாரிச்செல்வி: மலை தெரியுதுல்ல. மலையப் பாருங்க.

பாலகணேஷ்: மலையில என்னட்டி இருக்கு... ஏ, எப்படி வெளிய வந்த?

மாரிச்செல்வி: அறுத்துட்டேன்.

பாலகணேஷ்: எது கொண்டு?

மாரிச்செல்வி: பல்லால.

பாலகணேஷ்: பட்டயா? ஜரிகயயா? காட்டு... ஸ்கேலு வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு. ஒரு பிசிறு இல்ல. உன் பல்லுக்கு இந்த வெட்டு வராது. பையத் தெற.

மாரிச்செல்வி: நேரமாச்சுங்க.

பாலகணேஷ்: தெற.

மாரிச்செல்வி: ...இந்தாங்க.

பாலகணேஷ்: கொம்பன்...

மாரிச்செல்வி: பீரோவுக்கு அடியில கெடந்துச்சு. காலையில பெருக்குறப்ப சிக்குச்சு. சாயங்காலமாச் சொல்லலாம்னு எடுத்து வச்சேன்.

பாலகணேஷ்: ரெண்டு வருசமா பீரோவுக்கு அடியில.

மாரிச்செல்வி: ஆமா.

பாலகணேஷ்: தூசி இல்ல.

மாரிச்செல்வி: தொடச்சேன்.

பாலகணேஷ்: துருவும் இல்ல. மடக்குற எடத்துல எண்ணெ மினுங்குது. செத்த பொறு, வெயில்ல பிடிச்சுப் பாக்கேன்... ஏட்டி, இது தீட்டுன கத்தி. போன வாரம் தீட்டுன கத்தி. இந்தச் சரிவப் பாரு, இந்தப் பக்கம் அகலம், அந்தப் பக்கம் ஒடுக்கம். நான் தீட்டுனா மாத்தி விழும். இது பீச்சாங்கை வேல.

மாரிச்செல்வி: எந்தக் கையா இருந்தா என்னங்க...

பாலகணேஷ்: நம்ம சொந்தத்துல கத்தி தீட்டத் தெரிஞ்ச பீச்சாங்கைக்காரன் ஒருத்தன்தான். இப்ப மாலையும் கழுத்துமா உக்காந்திருக்கான்.

மாரிச்செல்வி: ஏங்க, சொல்லுதத...

பாலகணேஷ்: மடக்குச் சீப்புன்னு ஊரே சிரிச்சுச்சுல்ல. வாசலோட திரும்பப் போறதில்ல நான். மேடையே ஏறுதேன். பொண்ணு வீட்டுக்காரக, வீடியோக்காரன், எல்லாரும் கேக்கட்டும். திருட்டுப் பயன்னு கேக்காம விட மாட்டேன்.

மாரிச்செல்வி: பொண்ணு பானுப்பிரியா வீட்டுல போலீஸு மட்டும் நாலு பேரு. அந்த வார்த்த மேடையில விழுந்துச்சுன்னா தாலி கெட்ட விடாமப் பொண்ணக் கூட்டிக்கிட்டு எறங்கிருவாக.

பாலகணேஷ்: எறங்கட்டும்.

மாரிச்செல்வி: அவன் தீட்டத்தான் செஞ்சான். எடுக்கல.

பாலகணேஷ்: அதெப்படி?

மாரிச்செல்வி: மாசம் ஒருக்கா அவன்கிட்டக் கத்தி போகும், தீட்டித் தருவான். மொதத் தடவை, காணாமப் போனது கெடச்சு நீங்க குடுத்துவிட்டீங்கன்னுதான் நெனச்சான். கெடாவெட்டுல உங்க கை அவன் பைக்குள்ள போனப்பத்தான் கத்தி உங்களுக்குத் தெரியாமத்தான் வருதுன்னே அவனுக்கு வெளங்குச்சு.

பாலகணேஷ்: வெளங்குனவன் ஏன் வாயத் தெறக்கல?

மாரிச்செல்வி: தெறந்தா, குடுத்த ஆளு மாட்டிக்கிடும்னு.

பாலகணேஷ்: நூறு பேரு முன்னாலயா...

மாரிச்செல்வி: ஆமா. அம்புட்டையும் வாங்கிக்கிட்டு, அடுத்த மாசமும் தீட்டிக் குடுத்தான்.

பாலகணேஷ்: என்ன கல்லுல தீட்டுதான்?

மாரிச்செல்வி: என்னது?

பாலகணேஷ்: இல்ல... கை முடி மேல வைக்க முன்ன முடி விழுதுட்டி. சும்மா சாணைக்கல்லுல இந்தக் கூரு வராது.

மாரிச்செல்வி: அத உள்ள வந்து அவன்கிட்டயே கேளுங்க. வண்டிய எடுங்க.

பாலகணேஷ்: பேச்ச மாத்தாத. குடுத்த ஆளு யாரு?

மாரிச்செல்வி: போற வழியில சொல்லுதேன்.

பாலகணேஷ்: சாவி டவுசர் பையில இருக்கு. பேரு வரட்டும், சாவி வரும்.

மாரிச்செல்வி: தாலி கெட்டுற நேரத்துல பேரம் பேசுதீங்க.

பாலகணேஷ்: எங்க கத்தி குரூப்புல உள்ள இம்மானுவேலா? அவன் ஒருக்கா வெல கேட்டான்.

மாரிச்செல்வி: அந்த ஆளு நம்ம வீட்டுப் பக்கமே வந்ததில்ல.

பாலகணேஷ்: உங்கம்மாவா?

மாரிச்செல்வி: எங்கம்மா பிளேடக் கண்டாலே மயங்கி விழும்.

பாலகணேஷ்: அப்ப யாரு? சொல்லாம வண்டி நகராது.

மாரிச்செல்வி: மணி என்ன?

பாலகணேஷ்: ஒம்பது அம்பத்தி மூணு.

மாரிச்செல்வி: நாந்தாங்க. பூக்கட்டுன நாரு அறுக்கணும், மேசையில கெடந்துச்சு, எடுத்தேன். அறுத்துட்டு மடக்குனப்ப சடக்குன்னு ஒரு சத்தம்... இன்னொருக்காத் தெறந்து மடக்குனேன். நீங்க குளிச்சுட்டு வாரதுக்குள்ள முப்பது தடவை. நீங்க மில்லுக்குப் போனதும் கதவச் சாத்திட்டு ரெண்டு வருசமா அதே சோலிதான். "குடுத்துரு அக்கா"ன்னு அவனும் மாசாமாசம் சொல்லுவான், இன்னும் ஒரு மாசம்டான்னு நாந்தான்... போயி அவன் கையப் பிடிங்க. என்னைய வீட்டுல வச்சு எம்புட்டு வேணும்னாலும் ஏசுங்க, கேட்டுக்கிடுதேன். கொம்பன மட்டும் திருப்பிக் கேக்காதீங்க.